படலையில் நின்றவரை நாங்கள் கவனிக்கவில்லை

பருத்தித்துறையிலிருந்து தும்பளைக்குப் போகும் தெருவில் ஒரு மடம் தெருவையே மூடிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல் தூண்கள், மேலே கூரை, நடுவால் தெரு. ஊரார் அதைத் தெருமூடி மடம் என்பார்கள். மாட்டுவண்டிக் காலத்தில் துறைமுகத்துக்கு வந்துபோனவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் அங்கே ஒதுங்கினார்கள். இன்றைக்கும் மோட்டார் சைக்கிள்கள் அதற்குள்ளால்தான் போய்வருகின்றன. ஓட்டிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் நின்று அண்ணாந்து பார்க்கிறோம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த மடம் தனியாக நின்ற ஒன்றில்லை. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், அது தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி, மனிதர் இறங்கிக் கைகால் கழுவக் கேணி என்று தெருவோரமெல்லாம் வழிப்போக்கருக்காகவே கட்டிப்போட்டிருந்தார்கள். வசதியுள்ள வீடுகளில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேல் கிடுகுக் கூரை போட்டு, இரு பக்கமும் இருக்கை வைத்து, தெருவால் போகிறவர் களைத்தால் வீட்டுக்காரரைக் கேட்காமலே இருந்து இளைப்பாறிப் போகலாம் என்ற ஏற்பாடு. முகம் தெரியாத ஒருவர் வருவார் என்று நினைத்து வீட்டு வாசலைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்று அந்த முகம் தெரியாதவர் உண்மையாகவே வருகிறார், நாங்கள்தான் வாசலில் இல்லை.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வருகிறவர் என்ன பார்க்கிறார்? கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை, நயினாதீவு, பிறகு நல்லூருக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம். ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குப் பிறகு அவர் திருகோணமலைக்கோ கண்டிக்கோ போய்விடுகிறார். "இனி இங்கே என்ன பார்க்கலாம்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. கசூரினாக் கடற்கரைக்குப் போங்கோ என்று சொல்லிவிட்டோம். அதைவிட நல்ல மறுமொழி எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது. அதை மறுமொழியாக நாங்கள் எண்ணவே இல்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டு விடுதிகளில் காலையில் இன்னும் பாண், பட்டர், ஜாம், ஒம்லெட்தான். அதே நேரம் குசினியில் வேலை செய்கிறவர்கள் புட்டும் மீன்குழம்பும் குழைத்துச் சாப்பிடுகிறார்கள். விருந்தினர் மணம் பிடித்து "அது என்ன?" என்று கேட்டால், "அது நாங்கள் சும்மா சாப்பிடுறது, உங்களுக்கு உறைக்கும்" என்று சொல்லி மூடிவிடுகிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால், எங்கள் அன்றாடச் சாப்பாடு வெளியாருக்கு வைக்கத் தகுந்ததில்லை என்ற ஒரு கூச்சம் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது.

ஒடியல் கூழ் அந்தக் கூச்சத்தால் நாங்கள் ஒளித்து வைத்த பெரிய செல்வம். பனங்கிழங்கை நெடுக்குப்பாட்டில் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்தெடுத்த மாவில் ஒரு கைப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, திரும்ப ஊறவிட்டுத்தான் அந்தக் கைப்பை எடுக்க வேண்டும். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பிறகு மீன்தலை, நண்டு, இறால். எல்லாம் அவிந்து வரும்போது முருங்கையிலை, கரைத்த பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். கூழ் ஓராளுக்குக் காய்ச்சுகிற பண்டமில்லை. மாமா, மச்சான், சித்தி, பக்கத்து வளவுப் பெடியள் எல்லாரும் வருவதென்று தெரிந்தால்தான் அந்தப் பானை அடுப்பில் ஏறும். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றிக் கையில் தருவார்கள். முற்றத்தில் வட்டமாக இருந்து, மூக்கால் நீர் வடிய, நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் கதைத்தபடி குடிக்க வேண்டும். எந்த நட்சத்திர விடுதியாலும் இதைச் செய்து தரமுடியாது. ஏனென்றால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் உறவு விடுதியிடம் இல்லை, எங்களிடம்தான் இருக்கிறது. ஒரு பிளாவைக் கூடுதலாகக் கோலி, வந்தவரையும் அந்த வட்டத்தில் இருத்தினால் போதும். அதை ஓர் ஏற்பாடாக, முறையாக, நியாயமான காசு வாங்கிச் செய்யலாம் என்று யோசித்த ஊர்கள் மிகக் குறைவு. ஆடிப்பிறப்பன்று நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாட்டில் வரும் ஆடிக்கூழை ஒரு வெளியூர்க்காரர் எங்கே குடிக்கலாம் என்று கேட்டால் எங்களால் ஓர் இடத்தைக் கைகாட்ட முடிவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் யுத்தம் என்று சொல்வோம். அது உண்மை. ஷெல்லும் குண்டும் விழுந்த மண்ணில், 1995 ஒக்டோபர் முடிவில் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நடந்த மண்ணில், வருடக்கணக்காகக் கடலும் தெருவும் அடைபட்டுக் கிடந்த மண்ணில், விருந்தினரைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? பிடுங்கப்பட்ட காணிகளைப் பற்றியும் இன்னும் விடுபடாத நிலத்தைப் பற்றியும் நாங்கள் வைக்கும் குற்றச்சாட்டில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கமாட்டேன். ஆனால் யமுனா ஏரிக்குள் பிளாஸ்ரிக் போத்தலை எறிந்தது யுத்தம் இல்லை. நல்லூர் அரசர் காலத்தோடு பேசப்படும், ப வடிவத்தில் வெட்டிய அந்தக் கேணி, கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அந்தப் பக்கத்தால் போகும் சனத்தில் அதை எட்டிப் பார்ப்பவர்கள் சிலபேர்தான். நல்லூரிலுள்ள பழைய மந்திரிமனைச் சுவரில் ஆணியால் பெயர் கிறுக்கியதும் எங்கள் பிள்ளைகள்தான். நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருட் காட்சியகத்துக்குள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன தாய் தகப்பன் எத்தனை பேர்? பிறத்தியார் அழித்தவற்றின் பட்டியல் எங்களுக்கு மனப்பாடம். நாங்களே கவனியாமல் விட்டவற்றின் பட்டியலை இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

அந்தப் பட்டியலில் முதலில் வரவேண்டியவை வீடுகள். நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, முதிரை மரக் கதவு, மழை பெய்தால் ஓட்டிலிருந்து முற்றத்துக்குள் கொட்டும் தண்ணீர். நாற்சார் வீட்டில் ஓர் இரவு படுத்து எழும்பியவர் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார். அப்படியான வீடுகள் இன்னும் ஊரூராக நிற்கின்றன, பல பூட்டிக் கிடக்கின்றன. உரித்துக்காரர் ஐந்து பேர் என்றால் ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், மற்ற இருவர் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. உறுதி பிரியாமல் கிடக்கிறது. ஒருவர் விற்கச் சொல்கிறார், மற்றவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். இதற்கிடையில் ஓடு உடைந்து, வளை உழுத்து, கதவும் தூணும் பழைய சாமான் வாங்குகிறவரின் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடுகின்றன. அங்கே ஏதோவொரு விடுதியின் வரவேற்பு மண்டபத்தில் எங்கள் கதவுக்கு முன்னால் நின்று சுற்றுலாப் பயணி படம் எடுத்துக்கொள்கிறார். புலம்பெயர்ந்த உறவுகளை மட்டும் இதில் குறை சொல்வது நியாயமாகாது. இங்கே இருக்கும் நாங்களும் பழைய வீட்டை இடித்துக் கிறனைற் பதித்த மாடி கட்டினால்தான் முன்னேறியதாக நினைக்கிறோம். பழைய வீட்டைத் திருத்தி விருந்தினரை வைத்து நடத்தும் சிலரையும் "வீட்டைக் கடையாக்கிப்போட்டான்" என்று பின்னால் கதைத்தோம்.

நெடுந்தீவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெரிய தீவு, ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர். குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணிநேரம்போல் கடல். மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரரோ பிக்கப்காரரோ வந்து நிற்பார். ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, பெருக்கமரம், குதிரைகள், வெடியரசன் கோட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டு, பின்னேரப் படகுக்குத் துறையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பயணி பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்று ஒரு படம் எடுத்திருப்பார். ஆபிரிக்க மண்ணின் மரம் இந்தக் கடலுக்குள் எப்படி வந்தது என்ற கதையைக் கேட்டிருக்கமாட்டார். தீவு முழுக்க ஓடும் முருகைக்கல் வேலிகளைக் கண்டிருப்பார். சாந்து ஒரு துளியும் இல்லாமல், கல்லின் முகம் பார்த்து, கல்லுக்குள் கல்லைப் பூட்டி அடுக்குகிற கையை அவர் கண்டிருக்கமாட்டார். அந்த வேலியைத் திருத்தத் தெரிந்தவர்கள் அந்தத் தீவிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு காலைப்பொழுது இருந்து நாலு கல்லை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது அழைத்தால், அந்தப் பயணி பின்னேரப் படகை விட்டுவிடுவார். நாங்கள் அழைக்கவில்லை. கோடையில் நல்ல தண்ணீருக்கு அந்தச் சனம் படும் பாட்டையும், வறட்சியில் குதிரைகள் நாக்கு வறண்டு அலைவதையும் பத்திரிகையில் வாசித்து உச்சுக்கொட்டினோம். குதிரைப் படம் போட்ட சுவரொட்டி மட்டும் நகரத்தில் அழகாக ஒட்டப்பட்டது.

அதே கடலில்தான் 1985 மே 15ஆந் திகதி குமுதினிப் படகில் போன முப்பதுக்கும் மேற்பட்ட எங்கள் சனம் வெட்டிக் கொல்லப்பட்டது. நாங்கள் வருடா வருடம் விளக்கேற்றுகிறோம். ஆனால் அந்தக் கடலில் படகேறும் வெளியூர்க்காரருக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. துக்கத்தை விற்கக்கூடாது என்ற எண்ணம் சரியானது. சொல்லாமலே விடுவது வேறு காரியம். கேட்கும் மனதோடு வந்தவருக்கு அமைதியாக, மரியாதையாக, நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரிந்த நாலு பேரை நாங்கள் பயிற்றி வைத்திருக்க வேண்டும். நூலகத்திலும் இதே குறைதான். 1981இல் எரிந்ததையும் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலானதையும் வெளிநாட்டார் புத்தகத்தில் வாசித்துக்கொண்டு வருகிறார்கள். 1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் தொடங்கிய வாசிப்பிலிருந்து அது வளர்ந்தது என்பதைச் சொல்லும் குரல் அந்த வாசலில் இல்லை. எரித்தவர்களின் கதையோடு நின்றுவிடுகிறோம், சேர்த்தவர்களின் கதையை விட்டுவிடுகிறோம். யாழ்ப்பாணத்தார் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு பயணி விளங்கிக்கொள்ள இரண்டாவது கதைதான் கூடுதலாக உதவும்.

இதைவிடச் சங்கடமான இடம் ஒன்று உண்டு. கந்தரோடையில் முருகைக்கல்லாலான சிறிய தூபிகள் ஒரு வளவில் கூட்டமாக நிற்கின்றன. நூறு ஆண்டுக்கு முன் ஆய்வாளர் போல் ஈ. பீரிஸ் அங்கே அகழ்ந்தார். தென்னிலங்கையிலிருந்து நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் பஸ்கள் அங்கேயும் நின்று போகின்றன. வருபவர்களுக்குச் சொல்லப்படுவது சிங்கள பௌத்தத்தின் கதை ஒன்றுதான். தமிழர் பௌத்தராக இருந்த காலம் ஒன்று இருந்தது, தமிழில் ஒரு பௌத்த காப்பியமே உண்டு, மணிமேகலையின் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று எங்களில் பலர் நம்புகிறோம். இதெல்லாம் தெரிந்த நாங்கள் அந்த வளவுப் பக்கம் போகவே இல்லை. கோபத்தில் விலகினோம், கோபத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் விலகியதால் அந்த இடத்தின் கதை முழுக்க மற்றவர் வாயில் போய்விட்டது. சிங்களத்தில் நல்லாகக் கதைக்கத் தெரிந்த எத்தனையோ தமிழ் இளைஞர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கும் குருநாகல் அம்மாவோடும் மாத்தறை ஐயாவோடும் ஒருவர் நின்று கதைத்திருந்தால், பனங்கட்டிக் குட்டான் ஒன்றை விற்றதைவிடக் கூடுதலாக ஏதோ நடந்திருக்கும். யுத்தம் முடிந்தபின் முதன்முதலாக எங்களிடம் கூட்டங்கூட்டமாக வந்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் அவர்களைக் கண்டும் காணாமல் இருந்தோம்.

நாங்கள் சரியாகச் செய்கிற காரியங்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால்தான் மற்றவையெல்லாம் நாங்களே கைவிட்டவை என்று தெரியும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர் அன்னதான மண்டபத்தில் சாப்பிடாமல் திரும்புவதில்லை. எந்த ஊர், என்ன மொழி என்று கேட்பாரில்லை. பந்தியில் இருந்தால் சோறு வரும். தென்னிலங்கைக் குடும்பமும் ஜேர்மன்காரப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கையால் பிசைந்து சாப்பிடுவதை அங்கே காணலாம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் பின்னேரம் கடற்கரையில் ஏறும் பட்டங்களும் அப்படித்தான். பெடியள் மாதக்கணக்காக மூங்கில் சீவி, ஒட்டி, விண் பூட்டிச் செய்கிறார்கள். காற்றுப் பிடித்ததும் அந்த விண் கூவுகிற சத்தம் கரை முழுக்கக் கேட்கும். எந்தச் சுற்றுலாத் திட்டமும் அதை உண்டாக்கவில்லை. ஊர் தனக்காகச் செய்தது, ஊர் தானும் சந்தோசப்பட்டது, அதனால் வந்தவரும் சந்தோசப்பட்டார். அதே கவனத்தைப் பண்ணைக் கடலுக்கும் அராலிக் கடலுக்கும் கொடுத்திருக்கலாம். மாரி முடிகிற காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் அந்த ஆழமில்லாத கடலோரத்தில் காலை வெயிலுக்கு முன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் வேறொன்றும் தேவையில்லை. நாங்கள் அங்கே கோழிக்கழிவு மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

ஒரு வழிகாட்டி நூலும் கேட்காத கேள்வி ஒன்றை நாங்கள் எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னோர் கட்டிய மடமும் கேணியும் எல்லாருக்குமாக இருந்தனவா? இருக்கவில்லை. திண்ணையில் யார் ஏறலாம், எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்பது சாதியால் அளந்து வைக்கப்பட்டிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மனிதர் உள்ளே போவதற்காகப் போராட வேண்டியிருந்தது. இன்றும் புதிதாக ஒரு தமிழர் ஊருக்குள் வந்தால், "எந்த இடம், ஆற்றை பிள்ளை?" என்று நாங்கள் கேட்பது பாசத்தால் மட்டும் இல்லை. வெள்ளைக்காரரை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்துவோம். பக்கத்துக் குறிச்சியில் பிறந்தவரை முற்றத்தோடு அனுப்புவோம். இது இருக்கும்வரை எங்கள் விருந்தோம்பல் பற்றி நாங்கள் எழுதும் எதுவும் முழுமையில்லை.

பனையைப் பார்த்தால் இந்தப் பாகுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். பனைதான் எங்கள் அடையாளம் என்கிறோம். சங்கங்களின் இலச்சினையில் போடுகிறோம், வெளிநாட்டு மேடைகளில் வர்ணம் தீட்டி நிறுத்துகிறோம். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. பயணிக்கு நாங்கள் தரும் பனை கடையில் பொலித்தீன் பைக்குள் இருக்கிறது, பனங்கட்டியாக, புழுக்கொடியலாக, பனாட்டாக. மரத்தில் ஏறுகிற மனிதரை அவர் காண்பதில்லை. காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் கத்திக்கூடும் முட்டியும் தொங்க, அவர் விடியலில் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் ஏறுகிறார். பாளையைத் தட்டிப் பதமாக்கி, நுனியை இலை தடிப்பில் சீவி, முட்டியைக் கட்டி இறங்குகிறார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். எவ்வளவு பூச வேண்டும், எந்தப் பாளை எத்தனை நாள் தாங்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் ஏறக்கூடாது என்பதெல்லாம் அவருக்குள் இருக்கும் படிப்பு. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் அதைக் கேட்டு வாய் பிளந்து நிற்பார். ஆனால் அந்தப் படிப்பை எங்களிடம் யாரும் படிப்பாக எண்ணியதில்லை. அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கத் தகப்பனே விரும்பாத அளவுக்கு அவரை நடத்தினோம். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனது நல்லது, போகவேண்டியதும்தான். இப்போது வருடா வருடம் சீவுவாரில்லாமல் நிற்கும் மரங்களைக் காட்டி, பாரம்பரியம் அழிகிறது என்று கட்டுரை எழுதுகிறோம்.

கள்ளுக்கொட்டிலுக்கு விருந்தினரைக் கூட்டிப்போவதற்குச் சில இளைஞர் இப்போது ஆயத்தமாக இருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஏறுகிறவருக்கு நேராகக் காசு போய்ச் சேர வேண்டும், படம் எடுக்க முன் அவரைக் கேட்க வேண்டும், தன் தொழிலை அவரே தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர்களோடு நாங்கள் முதலிலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆனால் வந்தவரை அந்தக் கொட்டிலுக்குள் இருத்துவதற்கு முன் நாங்கள் அங்கே போய் இருந்திருக்க வேண்டும். அந்த மனிதரின் வீட்டில், அவருடைய மனைவி காய்ச்சிய கூழை, அவர் பிள்ளைகளோடு ஒரே வட்டத்தில் இருந்து குடித்திருக்க வேண்டும். எங்களில் பெரும்பாலானவர்கள் இன்னும் அதைச் செய்யவில்லை.